படத்துக்கு வைத்த கீபோட்

12.03.1996

அம்மாவின் ஆக்கினை தாங்காமல் ஹிஸ்புல்லாவின் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தாயிற்று. கனடா மாப்பிள்ளைக்கு அனுப்ப. இது எத்தனையாவது படம் என்று அம்மாவும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போனமுறை எடுத்த படத்தில் என் கையில் ஒரு பிளாஸ்ரிக் ரோசாப்பூ இருந்தது. அதைப் பார்த்த சுவிஸ்காரர் பதிலே போடவில்லை. அதனால் இந்த முறை பூ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"அப்ப தங்கச்சி, இதுக்கு முன்னால இருங்க" என்று ஹிஸ்புல்லா பாட்டு வாசிக்கிற கீபோட் ஒன்றை அதன் தாங்கியோடு இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய மனைவியின் சாமானாம். மத்த ஸ்ரூடியோக்களில் படத்துக்கு ரெலிபோன்தான் வைத்திருக்கிறார்களாம், கீபோட் இவரிடம் மட்டும்தானாம். விரலை எப்படி வைப்பதென்று எனக்குக் காட்டப் பார்த்தார். படிப்பு முடிந்த நாளிலிருந்து துறைமுகத்து அலுவலகத்தில் ரைப் அடிக்கிறவள் நான். எனக்கு விரல் வைக்கத் தெரியாதா? நிமிர்ந்து இருந்து, மணிக்கட்டைத் தூக்கி, வைத்தேன்.

முகம் இறுகிக் கிடக்கிறது என்று சொல்லி அவர் ஒரு பொத்தானை அமத்தினார். என் விரல் அசையாமலே கீபோட்டுக்குள்ளிருந்து மேளமும் தாளமுமாகப் பெரிய வெள்ளைக்காரப் பாட்டொன்று ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளிச்சம் அடித்தார். அந்தப் பொத்தானுக்கு டெமோ என்று பெயராம்.

02.04.1996

படம் கழுவி வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தரகர் தம்பிராசா அண்ணையிடம் கொடுத்தா. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்னையதைவிட இது பரவாயில்லை என்றார். என்னைச் சொன்னாரா படத்தைச் சொன்னாரா தெரியவில்லை.

11.04.1996

அலுவலகத்துக்குள் மான் ஒன்று புகுந்து மேசையில் கிடந்த அறிக்கையில் பாதியைத் தின்றுவிட்டது. கோட்டைப் பக்கத்து மான்கள், ஒருவருக்கும் பயமில்லை. திரும்ப ரைப் அடிக்கும் வேலை என் தலையில்.

17.05.1996, வெள்ளி

கனடாவுக்குப் பிடித்துவிட்டதாம்!

தரகர் வந்து கதிரையில் சாய்ந்து இருந்து, தேத்தண்ணியை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். மாப்பிள்ளை பெயர் சோமசேகரம். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்பதில் தெளிவில்லை, அவருடைய தாய்க்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. காரணம் நான் கீபோட் வாசிப்பதாம். அங்கே வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பஜனை நடக்கிறதாம். மற்ற வீட்டு மருமகள் ஒருத்தி வாசித்துப் பெயர் எடுக்கிறாளாம். இவர்கள் போட்டிக்கு ஒரு கீபோட் வாங்கி வைத்துவிட்டு அதற்கு ஒரு மருமகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம், சின்னனில இருந்தே வாசிப்பா" என்றா.

எட அம்மா! இந்த வீட்டில் ஒரு புல்லாங்குழல்கூட இருந்ததில்லை.

18.05.1996

விடியவே சண்டை. சொன்னது பொய்தானே என்று கேட்டேன். "பழகினாப் பொய் இல்லைத்தானே" என்று அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா. இதற்கு என்ன பதில் சொல்வது?  அம்மா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் சொல்லமாட்டேன். எனக்கும் போக விருப்பம்தான். பையைத் திறந்து காட்டாமல் ஒரு தெருவில் நடந்து பார்க்க வேண்டும். ஐசியை, அந்த அடையாள அட்டையை, வீட்டில் மறந்துவிட்டுப் போய், அது ஒரு பெரிய விசயமே இல்லாமல் திரும்பி வர வேண்டும். முப்பத்தொரு வயதில் இது பேராசையா?

21.05.1996

வேலை முடிந்து நேரே ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஹிஸ்புல்லாவின் மனைவி பரீதாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்டியில் கொன்வென்றில் படித்தவ, அங்கேதான் பியானோ பழகினாவாம். கலியாணத்துக்குச் சீதனமாக வந்த கீபோட்டை மனுசன் படம் எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டார். ஆள் வராத நேரம் மட்டும் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வாசிக்கிறா.

என் கதையைக் கேட்டு முதலில் வாயைப் பொத்தினா, பிறகு பொத்தாமலே சிரித்தா. சம்பளம் வேண்டாமாம், இந்த ஊரில் கூட இருந்து வாசிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதுமாம். இதே கீபோட்டுக்கு முன்னால் இருந்து படம் எடுத்த பெண்கள் என்னைப்போலக் கன பேர் இருக்கிறார்களாம். "அவங்கெல்லாம் இப்ப எந்தெந்த நாட்டில என்னத்தச் சொல்லிச் சமாளிக்கிறாங்களோ" என்றா.

27.05.1996

ரைப் அடிக்கிறவளுக்கு இது சுகமாக வரும் என்று நினைத்திருந்தேன். சுகமாக வரவில்லை. விரல் தானாக ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே அமத்தலாக அமத்துகிறேன். இதெல்லாவற்றையும்விட வெட்கம், ஒரு வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து ரைப் மெசினின் வண்டியைத் தள்ளப் போகிறது! அதைப் பார்த்துப் பரீதா சிரித்த சிரிப்பில் முக்காடு வழுகித் தோளில் விழுந்தது.

"ஒங்களுக்கு வெரல் நல்லா ஓடுது, குணேஸ். அதுதான் பிழை. கொஞ்சம் நிண்டு போகப் பழகுங்க."

நின்று போவதா? பாண் வாங்க நிற்கிறோம், பயணப் பாஸுக்கு நிற்கிறோம், சென்றியில் ஆமிச் சோதனைக்கு நிற்கிறோம். இந்த ஊரில் நிற்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

09.06.1996

நாடு முழுக்க மின்வெட்டு. மழை இல்லை, அணையில் தண்ணி இல்லை, அதனால் எனக்குக் கலியாணம் இல்லை என்று வந்துவிடும் போல. கறண்ட் இல்லாவிட்டால் கீபோட் வெறும் பலகை. பெரிய ரோச் பற்றரி ஆறு வேண்டும். அவ்வளவை ஒருவர் வாங்கினால் குண்டு செய்யும் இயக்கத்துக்கு என்றுதான் ஆமி நினைக்கும்.

அருளம்பலத்தாரின் கடையில் ஆறு கேட்டேன். அவர் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, ஆருக்கு என்று கேட்டார். கீபோட்டுக்கு என்றேன். "பிள்ளை, என்னட்டையுமா பொய்?" என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு மட்டும் தந்தார். இந்தக் கலியாண விசயத்தில் இதுவரை நான் சொன்ன ஒரே உண்மை இதுதான். அதை ஒருவரும் நம்பவில்லை. மீதியை வேறு கடைகளில் ஒன்றிரண்டாகச் சேர்க்க வேண்டியதுதான்.

24.06.1996

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு. வெளியே போக ஏலாது. குசினி மேசையில் விரலால் வாசித்தேன். பிழையே விடவில்லை.

15.07.1996

பள்ளிக்கூடத்தில் காலையில் பாடும் தேவாரம் ஒன்றைத் தேடித் தேடி விரலில் கொண்டுவந்துவிட்டேன். பரீதாவுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. நான் பாடப் பாட, "இதில இது வராது, கீழ போங்க" என்று சரியாகப் பிடித்துச் சொன்னா. இப்போது அவ குசினியில் வேலை செய்யும்போது அதை முணுமுணுக்கிறாவாம். ஹிஸ்புல்லா பயந்துபோனார். அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் வகுப்பு நடக்கிறது.

பின்னேரம் நேவிக்காரன் துறைமுகத்துக்குள் வெடி போடுகிறான், தண்ணிக்கடியில் ஆரும் நீந்தி வரக்கூடாதென்று. யன்னல் அதிர்கிறது. தாளத்துக்கு வருகிறதா என்று எண்ணிப் பார்த்தேன். வரவில்லை. நேவிக்காரனும் என்னைப்போலத்தான், நின்று போடத் தெரியாது.

20.08.1996

அலுவலகத்துப் பெரியவர் கூப்பிட்டு, நான் முந்தி மாதிரி ரைப் அடிப்பதில்லை, மெதுவாகிவிட்டேன், சுகமில்லையா என்று கேட்டார். சுகம்தான், ஐயா. நின்று போகப் பழகுகிறேன்.

14.09.1996

தரகர் வந்தார். கனடா மாமிக்கு, அதுதான் சோமசேகரத்தின் தாய்க்கு, நான் வாசிப்பதைப் போனில் கேட்க வேண்டுமாம். பேசி முடிப்பதற்கு முன்னால் பிள்ளை ஒரு பாட்டு வாசிக்கட்டுமாம். எங்களுக்கு ஞாயிறு காலை, அவர்களுக்குச் சனி இரவு. வீட்டுக்கு ஆட்கள் வருவார்களாம், எல்லோரும் சேர்ந்து கேட்பார்களாம். மாத முடிவில் நாள் வைத்திருக்கிறது. பெண் பார்க்க வருவார்கள், எழும்பி நட என்பார்கள், இரண்டு வார்த்தை பேசு என்பார்கள், இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். கடலுக்கு அப்பால் இருந்து காதால் பெண் பார்க்கப்போவது இவர்கள்தான்.

அம்மா அன்றைக்கு நான் கட்டவேண்டிய சீலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டா. போனுக்குச் சீலை எதற்கு? கேட்டேன். சீலைக்கு ஏற்ற வளையலைத் தேடத் தொடங்கிவிட்டா.

28.09.1996

பரீதா கீபோட்டைத் துணியில் சுற்றித் தந்தா. "தொடங்கினா நிப்பாட்ட வேணாம். பிழை வந்தாலும் போய்க்கிட்டே இருங்க" என்றா. 

29.09.1996, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கு வசதியான மாதிரி மாற்றிவிடுவேன்.

வெளிநாட்டுப் போன் பேசும் கொமினிகேசன் கடைக்குப் போக மணிக்கூட்டுக் கோபுரத்துச் சென்றியைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் நான் பிடிக்க, மறு பக்கம் அம்மா. துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். பின்மூடியைத் திறந்தார்கள். ஆறு பற்றரியும் வயர்களும். அவ்வளவுதான், மற்ற ஆமிக்காரர்களும் எழும்பி வந்துவிட்டார்கள். பற்றரிகளை மண்மூட்டையில் அடுக்கி வைத்து என் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவன், இது பாட்டுப் பெட்டி என்றால் வாசித்துக் காட்டு என்றான்.

மண்மூட்டைக்கு மேல் வைத்து வாசித்தேன், தேவாரம் முழுக்க. எனக்குப் பின்னால் மீன் பையோடு வரிசையில் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆமிக்காரனுக்குக் கொட்டாவி வந்தது. அவன் தன் பாட்டில் ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்தான். டெமோ வந்தது. மேளம், தாளம், வெள்ளைக்காரப் பாட்டு. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது! ஒருவன் காலால் தாளம் போட்டான். நல்லது, போ, போ என்று பற்றரிகளைத் தாங்களே போட்டு மூடித் தந்தார்கள். அம்மா அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

கோல் வந்தது. முதலில் சோமசேகரம். "ஹலோ. சாப்பிட்டாச்சா?" என்றார். நாங்கள் விடியத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஓம் என்றேன். அவ்வளவுதான். குரல் கூடாத குரல் இல்லை. பிறகு மாமி. பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம், கோப்பைச் சத்தம்.

அம்மா றிசீவரைக் கீபோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தா. வாசித்தேன். மூன்றாவது வரியில் ஒரு விரல் தவறியது, நிற்காமல் போனேன். கடைசி வரியில் ஆறுதலாக நின்று நின்று இறங்கினேன். இடது கை மெசினின் வண்டியைத் தள்ளப் போகவில்லை. இவ்வளவு நாளில் இதுதான் சரியாக வந்தது. சத்தியமாக நல்லாக வந்தது.

மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "ம்... பழகிற பிள்ளையள் வாசிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு. பெரிசா ஒண்டு வாசிக்கச் சொல்லுங்கோ, இஞ்ச ஆக்கள் இருக்கினம்."

நான் மற்றப் பாட்டு எதைத் தொடங்கலாம் என்று யோசிப்பதற்குள் அம்மாவின் விரல் நீண்டது. டெமோ!

கடைக்காரர் என் கைகளைப் பார்த்தார். அவை என் மடியில் கிடந்தன. கீபோட் தன் பாட்டில் கொட்டி முழக்கியது. முடிந்ததும் கனடாவில் கைதட்டல். ஒரு வீடு முழுக்கக் கைதட்டல். "பாத்தீங்களே! இப்பிடியெல்லோ வாசிக்கோணும். இனிப் பேச என்ன இருக்கு, நாளைப் பாருங்கோ" என்றா மாமி. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

நான் றிசீவரை வாங்கினேன்.

"மாமி, முதல் வாசிச்சதுதான் நான். இப்ப கேட்டது பொத்தான்."

கனடாவில் கோப்பைச் சத்தம் நின்றது. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப படத்தில?"

"அது ஸ்ரூடியோவின்ர சாமான், மாமி. கதிரை மாதிரி."

அதோடு லைன் உண்மையாகவே அறுந்துவிட்டது.

30.09.1996

உண்மை பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. அரை வருசமாகப் பொய்யோடுதானே இருந்தேன், அதில் ஒரு குறையும் படவில்லையே? என்னுடையதுக்கு "ம்" என்றும் பொத்தானுக்குக் கைதட்டலும். அதுதான் தாங்க ஏலாமல் போச்சு. பொறாமை. ஒரு பொத்தானில பொறாமைப்பட்டுக் கனடாவை விட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

அம்மா சோறு போட்டு வைக்கிறா, பாத்திரத்தை இடித்து வைக்கிறா.

06.10.1996

இன்றைக்கு அம்மா வாய் திறந்தா.

"ஒரு பொத்தான்தானே, பிள்ளை. ஒண்டும் சொல்லாமல் இருந்திருந்தா நீ போயிருப்பாய். நான் இஞ்ச தனியக் கிடந்தாலும் நிம்மதியாக் கிடந்திருப்பன்."

இதைச் சொல்லிவிட்டு அழுதா. நானும் அழுதேன். எனக்கு மட்டும் கவலை இல்லையா? இருக்கு. நிறைய இருக்கு. அந்தத் தெரு, அந்தப் பை திறக்காத தெரு, கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. என்ன செய்யிறது, வாய் முந்திப்போச்சு. அம்மாவின்ர வாய்தானே எனக்கும் வந்தது.

19.10.1996

கீபோட்டைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து ஸ்ரூடியோப் பக்கம் போகவில்லை. இன்றைக்குப் பரீதா ஹிஸ்புல்லாவிடம் சொல்லியனுப்பிக் கூப்பிட்டா. ஆறுதல் சொல்வா என்று நினைத்துப் போனேன். "மூணாவது வரியில தானே பிழை விட்டீங்க? வாசிங்க பாப்பம்" என்றா. அழவும் விடவில்லை.

கீபோட்டில் டெமோ பொத்தானுக்கு மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்ரரை ஒட்டினேன். 

01.12.1996

இடது கை தொடங்கியிருக்கிறேன். வலது கை தேவாரம், இடது கை வேறு வேலை. இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஒன்றாகப் போக வேண்டும். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிற மாதிரி.

12.01.1997

ஊரில் என் கதை பரவிவிட்டது. அதுவும் நேராகப் பரவவில்லை. கனடாக்காரர் இப்போது போனில் சோதனை வைக்கிறார்களாம், பாஸ் பண்ணாவிட்டால் கலியாணம் இல்லையாம் என்று பரவியிருக்கிறது. இந்தக் கீபோட்டுக்கு முன்னால் படம் எடுத்த பெண்களின் தாய்மார் ஒவ்வொருவராக ஸ்ரூடியோவுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். நோன்பு மாதம், பரீதாவுக்குக் களைப்பு. பாதிப் பேரை என் தலையில் கட்டிவிட்டா. பழகிற பிள்ளை மாதிரி வாசிக்கிறவள் இப்போது ரீச்சர்! கெட்டிக்காரிகளுக்குத்தான் பஞ்சம் போல.

அம்மா பின்னறை வாசலில் கதிரை போட்டு இருந்து, வருகிற தாய்மாரோடு கதைக்கிறா. எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம் என்று பிள்ளைகளைக் கண்டிக்கிறா.

10.02.1997

பெருநாளுக்குப் பரீதா வீட்டு இனிப்பு, வட்டிலப்பம். தேவாரம் இரண்டு கையாலும் வாசித்தேன், மூன்றாவது வரியில் பிழை இல்லை. வாசலில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காலை மடித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தா.

23.02.1997, ஞாயிறு

சாம்பல்தீவிலிருந்து இராசமலர் என்று ஒரு பிள்ளை வந்தாள். வயது குறைவு. இரண்டு பஸ் ஏறி, இரண்டு இடத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். வெயிலில் முகம் கறுத்துப்போய், வந்ததும் தண்ணி கேட்டுக் குடித்தாள். தம்பிராசா அண்ணை பேசிக்கொண்டு வந்த இடமாம், கனடா. படமெல்லாம் இங்கேதான் எடுத்தது, பிடித்துவிட்டதாம், வருகிற மாதம் போனில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். அதற்குள் ஏலுமா, அக்கா, என்று கேட்டாள். 

மாப்பிள்ளை பெயர் கேட்டேன். சோமசேகரம் என்றாள்.

அம்மாவின் கதிரை வாசலில் கிறீச்சிட்டது. பரீதா உள்ளே எழும்பிப் போனா.

"உம்மோட கதைச்சவரோ?" என்றேன்.

"ஒருக்கா, அக்கா. சாப்பிட்டாச்சா எண்டு கேட்டவர்."

எனக்கு என்ன தோன்றியது? நெஞ்சில் ஒரு குத்து. இல்லை என்று எழுதினால் பொய். மாமியைப் பற்றிச் சொல்லலாம், கைதட்டலைப் பற்றிச் சொல்லலாம், படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ, பிள்ளை, என்று சொல்லலாம். அவள் கைப்பையைப் பார்த்தேன். சென்றியில் திறந்து காட்டி அவசரத்தில் மூடியது, சிப் பாதியில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"போக விருப்பமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், அக்கா." யோசிக்காமல் வந்தது.

அவளை இருத்தி, மணிக்கட்டைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். நின்று நின்று போக வேண்டும் என்றேன். பிறகு டெமோ பொத்தானில் ஒட்டிய அந்தப் பிளாஸ்ரரை நகத்தால் கிண்டி உரித்தேன். கனநாள் ஒட்டிக் கிடந்தது, இழுத்துக்கொண்டு வந்தது.

"இதையும் தெரிஞ்சு வைச்சிரும்."

"இது என்னத்துக்கு, அக்கா?"

"அங்க ஆக்கள் இருப்பினம்" என்றேன்.

பிறகு முதல் பாடத்தைத் தொடங்கினோம்.